ஒரு சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்தால்

நார்வாவில் பிப்ரவரி.
நாற்காலித் தொழிற்சாலை, உணவுக்கூடத்து மூலை,
எல்லோருக்கும் பொதுவாய் ஒரு கணினி.
அதன் எலிக்கு வலது பொத்தான்தான் அதிகம் தேய்ந்திருக்கும்.
அறிவிப்பு எஸ்தோனிய மொழியில் வரும்,
நாங்கள் ரஷ்ய மொழியில் பசிப்பவர்கள்.

தய்ஸியா உட்கார்ந்தாள்.
விரல்நுனி கத்தரித்த கையுறை, வார்னிஷ் வாடை.
அம்புக்குறியை ஒரு சொல்மேல் நிறுத்தி
இருமுறை தட்டினாள். சொல் நீலத்தில் முங்கியது.
கோண்டமினே.

வலது பொத்தான்.
சொல்லின் அக்குளிலிருந்து ஒரு பட்டியல் இறங்கிற்று:
நகலெடு, தேடு, அச்சிடு, மொழிபெயர்.
மொழிபெயர் என்றாள்.
ஒன்றுதிரட்டல் என்றது.

வெள்ளி, காலை ஒன்பது. ஒன்றுதிரட்டல்.
நாளும் மணியும் எங்களுக்கே படிக்கத் தெரியும்.
ஆறு வருஷத்தில் எங்களை யாரும் திரட்டியதில்லை,
தீயணைப்புப் பயிற்சிக்குத் தவிர.
போனஸ் என்றான் கென்னாடி.
புது உலர்த்தி வருகிறது என்றாள் இன்னொருத்தி.
சும்மா கையை வீசிக்கொண்டா போவது,
தேன் கேக் நான் செய்கிறேன் என்றாள் தய்ஸியா.
எட்டு அடுக்கு. ஓர் இரவு ஊற வேண்டும்.

வியாழன் இரவுப் பணி.
ஜன்னலுக்கு வெளியே ஆறு,
அக்கரைக் கோட்டையில் ஒரே ஒரு விளக்கு.
வேலையில்லாத கையால் நான்
முதல் எழுத்தில் அழுத்தி
முற்றுப்புள்ளிவரை இழுத்தேன்.
வாக்கியம் முழுக்க நீலம்.
பட்டியல் வந்தது. அதற்குள் அடங்காமல்
என் வாக்கியம் பாதியில் மூன்று புள்ளியாய் நின்றது.
மொழிபெயர்.
ஆட்குறைப்பு என்றது.

மறுபடி அந்தச் சொல்லை மட்டும் தொட்டேன்: ஒன்றுதிரட்டல்.
மறுபடி வாக்கியத்தை: ஆட்குறைப்பு.
சொல், வாக்கியம், சொல்.
ஒரே சொல்தான். நான் எவ்வளவு பிடிக்கிறேனோ
அவ்வளவுக்குத்தான் அது வாயைத் திறந்தது.

கீழே முப்பத்தொரு பெயர்கள்.
என் பெயர் இல்லை.
அந்த மூச்சு வெளியேறுமுன்
பதினான்காவதில் தய்ஸியா.

அவள் பெயரை நீலமாக்கினேன். வலது பொத்தான்.
நகலெடுக்கலாம்.
உலகம் முழுக்கத் தேடலாம்.
வெட்டு என்பது மட்டும் அங்கே இல்லை.
நாமே எழுதும் கட்டத்தில்தான் அது வரும்.
இது வேறொருவர் எழுதிய பக்கம்.

வெற்றிடத்தில் தட்டினேன். நீலம் வடிந்தது.
அங்கேயே வலது பொத்தானை அழுத்தினால் வேறு பட்டியல்.
எதையும் பிடிக்காதவனுக்குத்தான்
'பின்செல்' காட்டுகிறார்கள், முதல் வரியிலேயே,
சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாததாக.
இந்தப் பக்கத்துக்கு முன்னால்
நான் எங்கேயும் போயிருக்கவில்லை.

பதினொரு மணிக்கு அவளை அழைத்தேன். சொன்னேன்.
வெகுநேரம் குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும்.
பிறகு,
"கிரீம் தடவியாச்சே" என்றாள்.

வெள்ளி, காலை ஒன்பது. எல்லோரும் திரண்டிருந்தோம்.
மேலாளர் ராய்னார் தாளைப் பார்த்தே வாசித்தார்.
இளைஞர், தாலின்காரர், காது சிவந்திருந்தது.
முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல்
தாளை நான்காய், எட்டாய் மடித்தார்.
தய்ஸியா டப்பாவைத் திறந்தாள்.
கத்தி கொண்டுவர மறந்திருந்தாள்;
வார்னிஷ் சுரண்டும் தகட்டைக் கழுவி வெட்டினோம்,
பட்டியலில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும்
ஒரே அளவில்.
ராய்னாருக்கு ஓரத் துண்டு.
"எதற்கு இது?" என்றார்.
தெரிந்த ஒரே எஸ்தோனியச் சொல்லை
அவள் தெளிவாக உச்சரித்தாள்.
அவர் தின்றார். ஒன்றும் திருத்தவில்லை.

திங்களன்று வலது பொத்தான் பிசுபிசுத்தது.
யாரோ தேன் கையோடு எதையோ தேடியிருக்கிறார்கள்.
புதிய அறிவிப்பு ஒன்று காத்திருந்தது, நான்கே வரி.
முதல் எழுத்தில் அழுத்தினேன்.