கரண்டி எண்ணுகிறவர்கள்

காரைக்குடிக் கோர்ட்டில்
குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர்.
சமையல்காரர் சோணமுத்து
ஐந்து வருஷம் எதிரியாக இருந்தார்.

கண்டனூர்க் கல்யாண வீட்டில், இரண்டாம் கட்டில்,
வெள்ளிப் பன்னீர்ச்செம்பு காணாமல்போன இரவு
அவர் பின்கட்டில்
கவுனி அரிசி கிண்டிக்கொண்டிருந்தார்
என்று வாதாடினேன்.
அவரிடம் நான் கேட்கவே கேட்காத
கேள்வி ஒன்று உண்டு.

தீர்ப்பு ஒன்றரைப் பக்கம்.
'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து'
என்ற இடத்தில் நீதிபதிக்கு இருமல் வந்தது.
தண்ணீர் குடித்துவிட்டு
அந்த வரியை மறுபடி வாசித்தார்.

அப்பீல் கெடு முடிந்த மறுநாள்
தூக்குவாளி நிறைய மாவுருண்டையோடு வந்தார்.
"இனிமே கூப்பிடுவாகளாம்மா?"
"மாட்டார்கள். ஒரே குற்றத்துக்கு
ஒருவரை இரண்டு தடவை விசாரிக்கக் கூடாது.
டபுள் ஜெப்பர்டி என்று பெயர்."
"டபுள் செப்படி" என்றார்,
மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி.
நான் திருத்தவில்லை.

பள்ளத்தூரில் பந்தி முடிந்ததும்
அவரை நிற்கவைத்துக் கரண்டி எண்ணினார்கள்.
கொத்தமங்கலத்தில்
முதல்நாளே எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.
அரியக்குடியில் எண்ணவில்லை,
ஆளையே கூப்பிடவில்லை.
முகூர்த்தத்துக்கு ஒரு விசாரணை:
வக்காலத்து இல்லை, வாய்தா இல்லை,
குறுக்கு விசாரணை அறவே இல்லை.
புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
கரண்டிக்குப் பிரிவு எதுவும் போடவில்லை.

ஆடி மாசம். அடுப்புக்கு வேலை இல்லை.
என் ஆபீஸில் கரண்டும் இல்லை.
காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"இப்ப நானே போயி
'எடுத்தேன்'னு சொன்னா?"

விசிறிக்கொண்டிருந்த கட்டைக் கீழே வைத்தேன்.
"அந்த வழக்கை இனி
யாரும் திறக்க முடியாது."
"எடுக்கலேன்னு இன்னொருக்கச் சொல்லணும்னா?"
"அதைக் கேட்கவும் கோர்ட் இல்லை."

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
"சாத்துன கதவு
ரெண்டு பக்கமுந்தானம்மா சாத்தியிருக்கு."
எது அவர் பக்கம் என்று
அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

கழுவிவைத்திருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு
படியிறங்கிப் போனார்.
மேசையில் எவர்சில்வர் டம்ளர்கள்
இரண்டும் இருந்தன.

எப்போது எண்ணினேன் என்று
எனக்கே தெரியவில்லை.