ஷேடு கார்டு

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் பிடித்த மழை
கொல்லங்கோடு வரைக்கும் விடவில்லை.
வயலுக்கும் மாந்தோப்புக்கும் நடுவே
ஏதோ ஒரு குழந்தை மிட்டாய்ப் பொட்டலத்தைத்
தவறவிட்டுப் போனது போல் அந்த விடுதி.
ஆறு அறை, ஆறு நிறம்.
நாளைக்குத் தொள்ளாயிரம்,
வெந்நீர் கேட்டால் ஐம்பது கூட.

பதிவேட்டில் தொழில் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.
சஜீவன் என் நகங்களைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.

எங்களுக்கு வாய்த்தது பச்சை.
பையை இறக்கும் முன்பே கணக்குப் போட்டது மனசு:
மஞ்சள் இரண்டு சதம், டர்க்காய்ஸ் முக்கால்,
கறுப்பு ஒரு துளி, அதுவும் கை தவறி விழுந்தது.
ஜன்னலுக்கு மேலே
ஒரு டின் தீர்ந்து அடுத்த டின் தொடங்கிய இடம்
கோடாகத் தெரிந்தது.
பையர் பார்த்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட்.
"லீவுல வந்திருக்கோம்" என்றாள் பூங்கொடி.

லீவு இல்லை அது.
பட்டறைக்கு வாரியம் சீல் வைத்துப் பதினோரு நாள்.
"வீட்டுச் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு
வேற சுவத்தப் பாக்கலாம், கெளம்புங்க" என்று
சீட்டுப் பணத்தில் மூவாயிரத்தை உருவியவள் அவள்தான்.

"குடிக்கான் வெள்ளம் வேணோ?" என்றான் சஜீவன்.
திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள்.
பிறகு அன்று முழுக்கச் சிரித்தாள்,
ஒரு சொம்பு வெள்ளம், அரை டம்ளர் வெள்ளம்.

மழை வெறித்ததும்
மலை நெடுக அருவிகள்,
சாயத் தொட்டியைக் காணாத நூல் மாதிரி.
பதினேழு என்றாள். பத்தொன்பது என்றேன்.
மேகம் நகர்ந்து இரண்டையும் பொய்யாக்கியது.

குளியலறைக் குழாய் மூடவே மூடாது.
"அடைக்கண்ட சேட்டா,
அது மலையீந்நு வருந்நதா."
இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய்
பக்கெட் நிரம்பி வழிவதைப் பார்த்து நின்றேன்.
அடியில் கம்பெனிப் பெயரை
எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது.

இருபத்திரண்டு வருடமாகத்
தண்ணீரை நான் நிறமாகத்தான் பார்த்திருக்கிறேன்.
திங்கள் நேவி, வியாழன் மெரூன்.
பாலத்தில் நின்று நொய்யலைப் பார்த்தே
எந்த யூனிட்டில் எந்த ஆர்டர் ஓடுகிறதென்று சொல்லிவிடுவேன்.
கல்யாண வீட்டுப் பந்தியில்
இதைத் திறமை என்று பீற்றியிருக்கிறேன்.
கைதட்டியிருக்கிறார்கள்.

கிளம்புகிற நாள் காலை,
விடுதிக்குப் பின்னால் ஓடையில்
ரோஸ் அறையின் விரிப்பை
அலசிக்கொண்டிருந்தாள் வேசு.
புது விரிப்பு, முதல் அலசல்.
அவள் முழங்காலருகே கிளம்பிய இளஞ்சிவப்பு வால்
கல்லைச் சுற்றி
பெரணி இலையைத் தடவி
கீழே நெல்வயலுக்குப் போனது.
"திருப்பூர் சாதனம்" என்றாள்,
யாரையும் குறை சொல்லாத குரலில்.
"சாயம் நில்க்கில்லா."

பூங்கொடி என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதை நான் பார்த்தேன்.

கல்லுப்புப் போட்டு ஊற வையுங்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
உப்பால் தீருகிற விஷயம் இல்லை.
கடைசி இரண்டு அலசலை விழுங்கியிருக்கிறார்கள்,
தண்ணீர்ச் செலவு மிச்சம்.
சூப்பர்வைசர் கண்ணைக் காட்டினால்
நானும் விழுங்கியிருக்கிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.
குளிர் எலும்பைத் தொட்டது.
விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.
அவள் ஒரு பக்கம் முறுக்க
நான் எதிர்ப்பக்கம்.
முறுக்க முறுக்க வந்தது
ரோஸ்,
கொஞ்சம் வெளிறிய ரோஸ்,
மறுபடியும் ரோஸ்.

முறுக்கின பிடியைப் பார்த்துவிட்டு
வேசு சொன்னாள்:
"சேட்டனு பரிசயமுண்டல்லோ."