பதினான்காம் கட்டம்

இருபத்தாறு வருஷமாகக்
கடவுள் பெயரை எழுதிச் சம்பளம் வாங்குகிறேன்.
காப்பீட்டுப் படிவத்தில் பதினான்காம் கட்டம்:
'சேதத்துக்குக் காரணம் தெய்வச் செயலா?'
ஆம் என்றால் நிறுவனம் காசு தராது.
அந்த ஒரு கட்டத்தில் மட்டும்
எங்கள் நிறுவனத்துக்கு ஆழ்ந்த பக்தி.
எனக்கு அதுவும் கிடையாது.
சேதத்தை அளப்பவள் நான்.
அளவுநாடா, ஈரமானி, டார்ச் லைட்.

நவம்பர் புயல் ஓய்ந்த மூன்றாம் நாள்
நியூஃபவுண்ட்லாந்தின் தெற்குக் கரையில்
சாலை முடிந்துபோகிற ஊருக்குப் போனேன்.
ஓபெட் ஸ்னூக்கின் மீன்கொட்டகை இருந்த இடத்தில்
கடல் இருந்தது.
அறுநூறு நண்டுக்கூண்டுகள், ஒரு குளிர்பெட்டி,
தம்பியிடம் இரவல் வாங்கிய பனிவண்டி.
மிஞ்சியது கதவு மட்டும்,
நிலையோடு, பூட்டியபடி.
சாவி இன்னும் அவர் சட்டைப்பையில்.

சமையலறையில் தேநீர், டின் பால்.
"உங்களுக்கு நம்பிக்கை கிடையாதாமே, வெர்னா.
என்ன காட்டினால் நம்புவீர்கள்?"

புதிய கேள்வி இல்லை.
கைவசம் பதில்கள் இருந்தன.
நட்சத்திரங்கள் கூடி என் பெயரை எழுதினால்
கண் மருத்துவரிடம் போவேன்.
ராத்திரி ஒரு குரல் கூப்பிட்டால்
மூளைக்கு ஸ்கேன்.
"வின்ச்சில் போன உங்கள் இரண்டு விரலும்
நாளைக் காலையில் முளைத்திருந்தால்..."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் கையைத் திருப்பிப் பார்த்தார்.
"கையுறை எல்லாம் தைத்துச் சுருக்கியாயிற்று.
புதிதாக வாங்க வேண்டியிருக்கும்."

சிரித்தோம். அப்புறம் உண்மையைச் சொன்னேன்:
எந்தச் சாட்சி வந்தாலும்
பின்னால் வேறொரு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று
தட்டிப் பார்க்காமல் விடமாட்டேன்.
அது என் தொழில். ஒருவேளை என் நோய்.
எதைக் காட்டினால் நான் அசைவேன் என்று
அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.
இதுவரை காட்டவில்லை.

ஓபெட் ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டி வெட்டி வைத்தார்.

மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் காற்று.
அரசாங்கம் நான்கு வருஷமாகத் தள்ளிப்போட்ட அலைச்சுவர்.
காரணங்கள் போதும் போதும் என்று இருந்தன,
கடவுளுக்கு அங்கே வேலையே இல்லை.
பதினான்கில் 'இல்லை' என்று எழுதினேன்.
எழுபத்திரண்டாயிரம் டாலர்.
பேனாவை நீட்டினேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடியும் படித்தார்.
"இதில் அவர் கை இல்லை என்று
நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?"

வங்கிக் கடனைச் சொன்னேன்.
மகளின் கல்லூரிக் கட்டணத்தை,
ஏப்ரலில் நண்டுப் பருவம் திறப்பதை.
"வெறும் ஒரு சொல்தானே, ஓபெட்."
"அதனால்தான்" என்றார்.

எரியாததை எரிந்தது என்றவர்களைத் தெரியும்.
செத்த குதிரைக்கு இரண்டு முறை காசு கேட்டவரைத் தெரியும்.
தன் வழக்குக்கு எதிராகத்
தானே சாட்சி சொன்னவரை இன்றுதான் பார்க்கிறேன்.
அதைவிடக் கனமான சாட்சி
எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

ஆனால் எதற்குச் சாட்சி?
கடவுளுக்கு ஆகாது, அது நன்றாகவே தெரியும்.
ஓபெட்டுக்கு ஆகும்.
ஓபெட்டை நான் ஏற்கெனவே நம்பிவிட்டேன்.
இதை எந்தக் கோப்பில் சேர்ப்பது?

புதிய படிவம் எடுத்தேன்.
காரணம்: காற்று.
பதினான்கை வெறுமையாக விட்டேன், முதல் முறையாக.
தலைமையகம் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பும்.
அனுப்பட்டும்.
மூன்று விரலால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

காருக்குப் போகிற வழியில் அந்தக் கதவு.
அதற்குப் பின்னால் தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் சாம்பல் வானம்.
பழக்கதோஷம்,
விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன்.
நல்ல மரம்.
புழு விழவில்லை.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்,
குளிர் தாங்காமல் போகும்வரை.