எமரால்டு முகாம், பதினாறாம் எண் வீடு

சாவியோடு தேவசகாயம் சார் கொடுத்துவிட்டுப் போனது
ஒரு தகர வாளி, துருவேறிய கத்தரி,
நாற்பத்தொரு ரோஜாச் செடி.
"மார்கழி பிறந்தா தூக்கம் கிடையாது உங்களுக்கு" என்றார்.
பக்திமான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு முதுகுளத்தூர்.
செடி கருகினால் வெயில் என்று அர்த்தம்.
இங்கே முதல் உறைபனி இறங்கிய அன்று
மதியத்துக்குள் ஜெரேனியம் கருகிக் கிடந்தது.
அதே கருப்பு.
சித்திரையில் எங்கள் கனகாம்பரம் கருகும்
அதே மொறுமொறுப்பு.
வெந்நீரா ஊற்றுவது என்று கேட்டேன்.
சாணம் கொண்டுவரும் ஜோகி கவுடர்
மூட்டையை இறக்காமலே சிரித்தார்.
"பச்சத் தண்ணிதான். வெயில் படறதுக்கு முந்தித் தெளிக்கணும்."

அதற்கப்புறம் தினமும் ராத்திரி ஒன்பதுக்குப் போர்வை.
உரச்சாக்கு, பழைய நைட்டி,
என் கல்யாணத்துக்கு வந்து
யாரும் உடுத்தாத பாலியஸ்டர் சேலை மூன்று,
வாரியம் கொடுத்த மழைக்கோட்டு.
காலை ஷிப்டுக்கு இறங்கிய அற்புதராஜ்
பனிமூட்டத்தில்
முக்காடிட்டுக் குந்தியிருந்த பதினேழு பெண்களுக்கு
ஒரு நாள் வணக்கம் வைத்துவிட்டான்.

தையில் டேலியாக் கிழங்கைத் தோண்டி
மண் உதறி, மணலில் புதைத்து,
மீட்டர் வந்த அட்டைப்பெட்டியில் அடுக்கி
சிவப்பு, வெள்ளை, ஊதா என்று
எழுதி ஒட்டினேன்.
பூஞ்சணம் எல்லாவற்றையும் வாசித்துத் தின்றது.

ரோஜாவை வெட்டுவதும் அந்த மாதம்தான்.
வெளியே பார்த்த கணுவுக்கு மேலே, சாய்வாக,
முழங்கால் உயரம் விட்டு, இரக்கம் பார்க்காமல்.
சொல்லிவிட்டு ஜோகி போய்விட்டார்.
முடிவெட்டப் போய்
"நுனி மட்டும்" என்று உட்காருபவளைப் போல
இங்கே நாலு விரல், அங்கே ஒரு சாண்.
மே மாதம் ஆளுயரத்துக்கு இலை.
கைக்கெட்டாத உயரத்தில்
ஒன்பது பூ.
தேவசகாயம் சார் போனில் கேட்டார்.
நல்லா இருக்கு சார்.

ஆனியில் மழை பிடித்தது.
வாய்க்கால் கீறி, புள்ளி விழுந்த இலை பொறுக்கி,
டார்ச்சும் உப்புமாய் நத்தை வேட்டை.
ஹைட்ரேஞ்சியா மட்டும்
யாரையும் எதுவும் கேட்காமல் நீலமாயிற்று.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு
அணை நீர்மட்டம் கேட்டுப் போன்.
சொல்லிவிட்டு வைத்தால்
வெளியே
அவசரமில்லாமல் யாரோ மெல்லும் சத்தம்.
ஜன்னல் வழியே வெளிச்சம் அடித்தேன்.
வெள்ளைக் காலுறை மாட்டிய நான்கு கால்.
மேலே, வெளிச்சம் போய் முடியாத ஒரு முதுகு.
காட்டெருமை
பாத்திக்குப் பாத்தி, செடிக்குச் செடி, முள்ளோடு
கையில் பட்டியல் வைத்திருப்பதுபோல் போயிற்று.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய.
முப்பத்தாறு.

விடிந்ததும் போய் நின்று பார்த்தேன்.
என் முழங்கால் உயரம்.
சாய்வுதான் இல்லை, எல்லாம் கிழிசல்.
கத்தரியை மண்ணெண்ணெயில் துடைத்து
கிழிசல்களை மட்டும் நேராக்கினேன்.
கை நடுங்கவில்லை.

ஆவணியில் முப்பத்தாறும்
ஒரே வாரத்தில் பூத்தன.
மலர்க் கண்காட்சி முடிந்து மூன்று மாதமாகியிருந்தது.
பார்க்க ஒரு ஆள் இல்லை. விடாத மழை.
நனைந்து தொங்கியவற்றை அறுத்து
கட்டுப்பாட்டு அறையில், பதிவேட்டுக்குப் பக்கத்தில்,
டீ கிளாசில் வைத்தேன்.
"என்ன உரம் மேடம்?" என்றான் அற்புதராஜ்.
சாணம் என்றேன்.
பொய் இல்லை,
அதுவும் போட்டுவிட்டுத்தான் போனது.

ஊதா என்று நட்ட டேலியா மஞ்சளாய் நிற்கிறது.
உடைந்த கேட்டுக்குச் சிவில் பிரிவுக்கு எழுதிய மனு
பையிலேயே இருக்கிறது.
ஐப்பசி வெயில் ஒரு மணி நேரம் வந்தது இன்று.
சாக்குகளை விரித்துப் போட்டேன்.
மழைக்கோட்டில் எலி ஒரு ஓட்டை போட்டிருக்கிறது,
ஊசி தேட வேண்டும்.