சும்மாடு

தவக்காலத்து ஒத்திகைகளில்
சப்பரத்தின்மேல் இயேசு இருப்பதில்லை.
வெறும் மரச்சட்டம், அதன்மேல் மணல் மூட்டைகள்.
எடை மட்டும் அவருடையது.

செவில்லில், திரியானாப் பக்கம்
இரவு பத்துக்குமேல் எங்களைப் பார்க்கலாம்.
இடுப்பை இறுக்கிய பட்டை,
புருவம்வரை இறங்கிய சாக்குத்துணிச் சும்மாடு.
பின்கழுத்து எலும்பில் வாங்கவேண்டும் பாரத்தை;
தோளில் வாங்குகிறவன் புதியவன்.
உள்ளே போய்விட்டால் தெரு தெரியாது,
முன்னே நடப்பவனின் குதிகால்தான்.
வெளியே மேஸ்திரி சுத்தியால் தட்டுவார்.
மூன்றாம் தட்டுக்கு எல்லோரும் ஒரே மூச்சாக எழவேண்டும்.
ஒருவன் முந்தினால் பக்கத்தவன் முதுகு போகும்.

பதினோரு வருடம்
நான்காம் வரிசை, இடது ஓரம்.
என்னுடைய இடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சாம்பல் புதனன்று
நெற்றிச் சாம்பல் உதிருமுன் தொலைபேசி.
அண்ணன் ஃபுல்ஹென்சியோ,
அப்பாவின் வேனை விற்ற காசோடு காதிஸுக்குப் போனவன்,
வலப்பக்கம் செத்து, பேச்சும் போய்க் கிடக்கிறானாம்.
அவன் சட்டைப்பையில் இருந்ததாம் என் எண்.

கூட்டி வந்தேன்.
அன்பினால் என்று சொல்லமாட்டேன்.
லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி,
கூடத்தில் கட்டில்.
பத்து மணிக்கு அவனைத் திருப்பிப் போடவேண்டும்.
முதல் வாரம் ரெமேதியோஸ் செய்தாள்.
அவள் மணிக்கட்டு வீங்கிய அன்று
மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன்.
ஏனென்று கேட்கவில்லை அவர்.
பட்டியலில் ஒரு கோடு,
அவ்வளவுதான் பதினோரு வருடம்.

ஆண்டவரே, சிலுவை வேண்டுமென்று
நான்தான் கேட்டேன், மறுக்கவில்லை.
ஆனால் கொஞ்சம் தங்க முலாம் பூசியது,
பின்னால் மேளம் வருவது,
முகம் மறைத்துத்தான் சுமப்பேன்,
சுமப்பது நானென்று தெருவுக்கே தெரிந்திருக்கும்,
அப்படி ஒன்று.

இவன் சூப்பைத் துப்புகிறான்.
ஒருநாள் கரண்டியை எறிந்தேன்.
சுவரில் கறை இன்னும் இருக்கிறது.

நான்காம் வாரம் ஒரு ராத்திரி.
அவன் அக்குளுக்குள் கைவிட்டுக் குனிந்து நிற்கிறேன்,
எப்படிப் பிடித்தாலும் நழுவுகிறான்.
அப்போது நல்ல கையால்
கட்டில் கம்பியைத் தட்டினான்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதற்கு என்ன செய்வதென்று
இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் சொல்லித்தர வேண்டாம்.

எழுந்தோம்.

ஒரு கணம் யார் யாரைத் தூக்கினோம் என்று
எனக்குப் பிடிபடவில்லை.
மன்னித்தேனா? அந்த வேனை இன்னும் நினைக்கிறேன்.

பெரிய வெள்ளி, விடியவில்லை.
கீழே எக்காளம், மெழுகு வாசம்,
ஆரஞ்சுப்பூ வாசம், கூட்டத்தின் திடீர் மௌனம்.
என் இடத்தில் யாரோ ஒரு பையன்.
அவன் கழுத்து தாங்கட்டும்.

நான் ஜன்னலுக்குப் போகவில்லை.
படுக்கைப்புண் வராமலிருக்க
சும்மாட்டை நாலாக மடித்து
அண்ணன் காலடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
இங்கே குனிந்திருக்கையில்
எனக்குத் தெரிவதும் ஒரு குதிகால்தான்.