வெளியே

நானுஓயா ஆலை. தாங்கி கழுவும் அமில அறை.
டயாஃப்ரம் பம்ப் மூச்சு விடுகிறது:
தடக்... புஸ். தடக்... புஸ்.
சைலன்சர் வாயோரம் உறைபனி.

"வெறுங்காத்துதானே" என்கிறார் துரை.
ரப்பர்ச் சவ்வு கிழிகிற அன்று
அந்த வாய்வழியே காற்றா வரும்?

பன்னிரண்டடிக் குழாய் கேட்டு மூன்று கடுதாசி.
வந்தது ஒன்பது.
சுவரைத் துளைத்து நீட்டினோம்,
எட்டிப் பார்த்தால் மடுவம்.
கொழுந்து நிறுக்க நிற்கும் மங்களேஸ்வரியின்
கண்மட்டத்தில் குழாய் வாய்.

வெளியே என்று நாங்கள் சொன்ன இடத்தில்
ஆட்கள் இருந்தார்கள்.

கழற்றினோம்.
குறைந்த மூன்றடிக்கு வீரபத்திரன்
தன் வீட்டுப் பீலியை வெட்டினான்.
இப்போது கூரையேறி, ஆளில்லாச் சரிவில்
பீப்பாய்க்குள் குனிகிறது குழாய்.

மூடுபனிக்குள் அந்த வெள்ளை மூச்சு
மஞ்சளாகிறதா என்று
ஷிப்டுக்கு இருதடவை
நின்று பார்க்கிறேன்.