குறைந்தபட்சத் தேவை

நண்டுத் தொழிற்சாலையில் இரவுப் பணி முடிந்து
ஈரக் கையுறையைக் கழற்றும்போது
ஏர்க்கோவின் செய்தி:
"பட்டியல் வந்துவிட்டது, நயாரெத்.
உட்கார்ந்து படி."

பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடமில்லை.
புந்தா அரேனாசின் ஆகஸ்ட் காற்று
தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தட்டி
யாரோ கடன்காரனைத் தேடிக்கொண்டு போகிறது.
நின்றபடியே படித்தேன்.

குறைந்தபட்சம்: பதினாறு ஜிபி ராம்.
என்னிடம் எட்டு.
கிராபிக்ஸ் கார்டு: எட்டு ஜிபி.
என்னுடையது மூன்று. அதிலும் ஒரு விசிறி
மனசு வந்தால்தான் சுற்றும்.
வட்டில் காலியிடம்: நூற்று ஐம்பது.
அதற்குத் தங்கையின் கல்யாண வீடியோவை அழிக்க வேண்டும்.
மாப்பிள்ளை எப்போதோ போய்விட்டான்,
ஆனால் அதில் அம்மா
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள்.

பக்கத்தில் இன்னொரு பத்தி:
'பரிந்துரைக்கப்படுவது'.
அழைப்பில்லாத பந்தியைப் பார்ப்பதுபோல்
ஒரு பார்வை பார்த்துவிட்டுக்
கண்ணை எடுத்துக்கொண்டேன்.

நான்கு வருடமாகக் காத்திருக்கிறோம், ஏழு பேர்.
ஏர்க்கோ நீரிணையைக் கடக்கும் படகில் கயிறு பிடிப்பவன்.
மிலென்கா பகலில் பல் மருத்துவரின் உதவியாள்,
இரவில் எங்கள் கேடயம்.
ஒசோர்னோவில் இருப்பவன் பெயரே சொன்னதில்லை,
ஆந்தை என்றால் திரும்புவான்.

பழைய விளையாட்டின் சர்வரை
ஒரு மார்ச் மாத இரவில் அணைத்தார்கள்.
பாலத்தின் மேல் வரிசையாக நின்றோம்.
மூலையில் எண்கள் இறங்கின.
ஆந்தை தன் மந்திரத் தொப்பியைக் கழற்றினான்;
அப்படி ஒரு பொத்தான் இருப்பதே
அன்றுவரை எங்களுக்குத் தெரியாது.
பிறகு கறுப்புத் திரை,
அதில் என் முகம், ஆறிப்போன தேநீர்.

புது கார்டின் விலையை
நண்டுப் பெட்டிகளில் கணக்கிட்டேன்.
ஆயிரத்து நூறு பெட்டி.
கால் பிரித்து, ஓடு உடைத்து, எடை போட்டு,
மேலே பனிக்கட்டி.
தீர்வையில்லாக் கடையில் தோன் பல்தோவினோ
கண்ணாடி அலமாரியைத் திறக்காமலே கேட்டார்:
"மின்பெட்டி எத்தனை வாட்?"
முந்நூறு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

கடைசியில் கார்டு ஒரு கம்பளிக் காலுறைக்குள் வந்தது.
மிலென்காவின் அண்ணன் சுரங்க வேலைக்கு வடக்கே போனபோது
விட்டுவிட்டுப் போனது.
ஆறு ஜிபி. பட்டியலுக்கு இரண்டு குறைவு,
என் பெட்டிக்கு இரண்டு விரற்கடை அதிகம்.
ஏர்க்கோ படகிலிருந்து இரும்பு ரம்பம் கொண்டுவந்தான்.
உள்ளே குறுக்கே நின்ற தகரத்தை அறுத்தோம்.
தூசியில் நண்டு வாடை.
என் வீட்டில் எதில்தான் இல்லை.

விளையாட்டு வருமுன்பே
உருவம் செய்துகொள்ளும் பகுதியை மட்டும்
இலவசமாக அவிழ்த்துவிட்டார்கள்.
நொடிக்கு ஒன்பது சட்டகம்.
அவள் கண் சிமிட்டுவது
கடினமான ஒன்றை யோசித்து முடிப்பதுபோல் இருந்தது.
அவளுக்கு என் கோணல் மூக்கைக் கொடுத்தேன்,
என்னிடம் இல்லாத தோள்களைக் கொடுத்தேன்.
பின்னால் உலகம் இல்லை, வெறும் சாம்பல்நிறம்.
அதில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.
வேலைக்கு நேரமாகியும் நான் அணைக்கவில்லை.

வியாழனன்று அறிவித்தார்கள்.
அக்டோபரில் வராது. அடுத்த மார்ச்.
மிலென்கா வைத வசவுகளைப்
பல் மருத்துவர் கேட்கக் கூடாது.
ஆந்தை மைக்கை அணைத்துவிட்டான்,
அழுதிருப்பான்.
நானும் 'ஐயோ' என்று எழுதினேன்.
இரண்டு ஆச்சரியக்குறி போட்டேன்.

எழுதிவிட்டு
மேசைக்கு அடியில், யாரும் பார்க்காத விரல்களில்:
செப்டம்பர், அக்டோபர், நவம்பர்.
நண்டுப் பருவம் அதுவரை உண்டு.
முதலில் மின்பெட்டி.
அப்புறம் ராம்.